வேதத்தின் ஓரத்தில்

"இது வேதப்புத்தகமா, இல்ல பள்ளிக்கூடத்துப் பய கொப்பியா?"

உபதேசியார் றோலண்ட் கேட்டதும் சிசிலி கதவோரம் ஒதுங்கினாள்.

மாதம் ஒருமுறை தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு வந்து ஜெபம் செய்துவிட்டுப் போகிறவர் அவர். இன்றைக்குத் தன் புத்தகத்தை மறந்து வந்துவிட்டார். அதனால் சிசிலி வீட்டு வேதத்தை எடுத்துப் பிரித்தார். பக்கத்துக்குப் பக்கம், ஓரம் முழுக்க, எறும்பு ஊர்ந்த மாதிரி பென்சில் எழுத்து.

"யாரு கிறுக்கினது?"

"எங்க வீட்டுக்காரருங்க ஐயா."

"வேதமுத்துவா? பேரப் பாரு பேர."

வேதமுத்து அப்போது தேயிலை அரைக்கும் ஸ்டோரில் அந்தி வேலையில் இருந்தார். வீட்டில் இருந்திருந்தால் அன்றைக்கு நல்ல பாட்டு வாங்கியிருப்பார். பன்னிரண்டு வருஷமாக அவருக்கு ஒரே வழக்கம்தான். காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு அடிக்கும் முன்னால் எழுந்து ஒரு அதிகாரம் வாசிப்பார். ஓரத்தில் ஏதோ எழுதுவார். அப்புறம்தான் தேத்தண்ணி.

சிசிலிக்கு எழுத்து தெரியாது. கல்யாணமான புதிதில் என்னவென்று கேட்டாள்.

"அது ஆண்டவருக்கும் எனக்கும் உள்ள பேச்சு" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் ஒரு மனுஷன் ஆண்டவரிடம் வேறு எதைப் பேசுவான்? தான் பிள்ளை பெறாத குறையைத்தான் தினமும் எழுதுகிறார் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் அவள் பயந்த ஒரே பொருள் அந்தப் புத்தகம்தான்.

உபதேசியார் சட்டைப் பையிலிருந்து அழிரப்பரை எடுத்தார். ஞாயிறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக எப்போதும் ஒன்று வைத்திருப்பார்.

"இந்தா. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு பக்கம் விடாம அழிச்சிரணும்."

"சரிங்க ஐயா."

சிசிலி சட்டென்று வாங்கிக்கொண்டாள். அழிந்து தொலைந்தால் அவளுக்கும் நிம்மதிதான்.

உபதேசியாருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "எப்பேர்ப்பட்ட எடத்துல கிறுக்கியிருக்கான் பாரு, சங்கீதத்துல. கேளு" என்று உரக்க வாசித்தார்.

"12-7-43. விடிய விடிய மழை. ரோட்டுல மண்ணு சரிஞ்சு மருத்துவச்சி வரல. காளியாயி பொழைக்கமாட்டான்னு சொல்லிட்டாங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இந்த அதிகாரத்த வாசிச்சேன். தெம்பு வந்துச்சு. பயப்படாமப் போன்னு சிசிலிய அனுப்புனேன். ஆம்பளப் பிள்ளை. சிசிலி கையிலதான் பொறந்தான்."

கடைசி வரிக்கு வரும்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

லயத்து இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை, பேசுவது அடுத்த வீட்டுக்கும் கேட்கும். அடுத்த வீட்டுக் காம்பராவில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த உலக்கைச் சத்தம் நின்றது. காளியாயி மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"ஐயா, அதுல தேதி போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. ஏன்?"

"அது எம்மவன் அழகுமுத்து பொறந்த நாளுங்க. தோட்டத்துப் பதிவுல அவன் பேரே இல்லையாம். வெள்ளிக்கெழமை ஹட்டன்ல பிரஜாவுரிமை விசாரணை. இலங்கையிலதான் பொறந்தான்னு ருசு இல்லாட்டி, ஒம்போது வயசுப் பய இந்த நாட்டுல யாருமே இல்லேன்னு ஆயிருமாங்கய்யா."

 உபதேசியார் பக்கத்தைத் திருப்பினார். திருப்பத் திருப்ப உரக்க வாசித்தார்.

"மிஷின்ல வெரல் நசுங்கிருச்சு. யோபு வாசிச்சேன். நம்ம பாடு எவ்வளவோ தேவலை."

"மீனம்மாவுக்குப் பொம்பளப் பிள்ளை. சிசிலி கை."

"இராமையா வீட்டுல ரெட்டை. சிசிலி கை. இன்னைக்கு அவ மொகத்த ஆண்டவரு பாத்திருக்கணும்."

ஒவ்வொன்றாக எண்ணினார். பதினேழு பிள்ளைகள்.

சிசிலி காத்துக்கொண்டே நின்றாள். அவள் குறை இன்னும் வரவில்லை.

"என்னயப் பத்தி வேற ஒண்ணும் எழுதலீங்களா ஐயா?"

"இல்லம்மா. உன்னப் பத்தி இதுதான் எழுதியிருக்கான்."

அவள் கையிலிருந்த அழிரப்பரைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிசிலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வேதமுத்துவுக்கு ஸ்டோரில் லீவு கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஹட்டனுக்கு அந்தப் புத்தகத்தைத் துணியில் சுற்றிச் சுமந்துகொண்டு போனவர் உபதேசியார்தான். பேறு பார்த்தவள் என்று சிசிலியும் சாட்சிக்கு நின்றாள்.

விசாரணை அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். அவர் சிங்களத்தில் கேட்டதைப் பக்கத்தில் இருந்தவர் தமிழில் சொன்னார்.

"இது நேத்து எழுதினதில்லேன்னு என்ன நிச்சயம்?"

உபதேசியார் எழுந்தார்.

"தெரியாத்தனமா இத அழிக்கச் சொன்னதே நாந்தானுங்க. எழுதினவரு பன்னெண்டு வருஷமா ஒரு நாள் விடல. எந்தத் தேதிய வேணும்னாலும் பாருங்க."

அதிகாரி தனக்குத் தெரிந்த நாளைத் தேடச் சொன்னார். பெருவெள்ளத்தில் ரயில் நின்ற நாள். அதுவும் இருந்தது. மங்கிய பென்சில் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து அழகுமுத்துவின் பிறந்த தேதியை எழுதிக்கொண்டார். காளியாயி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

அதிகாரி சிசிலியைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"உனக்கு எத்தனை பிள்ளைங்கன்னு கேக்கறாரு."

பன்னிரண்டு வருஷமாக, யார் எங்கே கேட்டாலும் அவள் தலைகுனிகிற கேள்வி அது. காளியாயி பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

சிசிலி நிமிர்ந்து நின்றாள்.

"பதினேழுங்க ஐயா. எல்லாத்துக்கும் தேதி இருக்கு, பாத்துக்கங்க."