எல்லா ரெக்கார்டிலும் ஒரே இருமல்

"எல்லாம் வேஷம்!" என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பழைய ரெக்கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கீறல், இரைச்சல் எல்லாம் நீக்கிக் கொடுப்பது அவள் தொழில். அவளை வீட்டுக்கு அழைத்திருந்தவர் பெரிய ராக் கிட்டார்காரர். 'இடி' என்ற அவர் பட்டப்பெயரைச் சொன்னால் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அப்பேர்ப்பட்ட இடியின் அலமாரியில் ஓபரா, ஆர்கன், ஜாஸ், பாண்டு வாத்தியம், பள்ளிக் குழந்தைகளின் கூட்டுப் பாட்டு என்று என்னென்னவோ இருந்தன. 'என்ன ஒரு பரந்த ரசனை!' என்று வியக்காத பத்திரிகை இல்லை.

ஆனால் ஒரு ரெக்கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. முழுக்கப் புதுசு மாதிரி பளபளப்பு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மெல்லிய வளையமாகத் தேய்ந்து வெளுத்திருந்தது. அடுத்ததும் அப்படித்தான். அதற்கு அடுத்ததும்.

ஒரு பாட்டைக்கூட மனுஷன் முழுசாகக் கேட்டதில்லை!

டீ கொண்டுவந்த அவர் மனைவியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். "சார் தினமும் பாட்டு கேட்பாரா மேடம்?"

"ஊர்ல இருந்தா மத்தியானம் கேட்டே ஆகணும். கதவைச் சாத்திக்குவார். என்னைக்கூட உள்ள விடமாட்டார்."

"இந்த டம்ளர் தண்ணி?" ஸ்பீக்கர் பக்கத்தில் அது தளும்பத் தளும்ப நின்றது.

"அதை ஏன் கேக்குறீங்க? தினம் வைக்கணும். ஆனா ஒரு வாய் குடிக்க மாட்டார். ஏன்னு கேட்டா சிரிப்பார். பெரிய மனுஷங்க கிறுக்கு, நமக்கெதுக்கு?"

அந்த அம்மாள் போனதும் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓபராவை ஓடவிட்டாள்.

பின்னால் யாரோ இருமினார்கள்.

சட்டென்று திரும்பினாள். அறையில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தாள். இருமல் ரெக்கார்டுக்குள்தான் இருந்தது. சரியாக அந்தத் தேய்ந்த வளையத்தில். வாயைப் பொத்திக்கொண்டு அடக்குகிற ஒரு பெண்ணின் இருமல். இரண்டு சின்னது, அப்புறம் அடங்காமல் ஒரு பெரியது.

'கச்சேரி கேட்க வந்த யாரோ இருமியிருப்பாங்க' என்று நினைத்து, ஜாஸ் ரெக்கார்டைப் போட்டாள். வேறு பாட்டு, வேறு வருஷம். தேய்ந்த வளையம் வந்தது. இரண்டு சின்னது, ஒரு பெரியது.

அதே பெண்.

குழந்தைகள் பாட்டிலும் அவள் இருந்தாள். ஆர்கனிலும் இருந்தாள். அட்டைகளில் வருஷம் ஏற ஏற இருமலும் முற்றிக்கொண்டே போனது. கடைசி ரெக்கார்டில் இருமி முடித்தவளுக்கு மூச்சு வாங்கியது.

கேட்டுக்கொண்டிருந்தவள் ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். பட்டப்பகலில், அடுத்த அறையில் ஆள் இருக்கும்போதே, திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

தொழில் சுத்தம் பாதி, பயம் பாதி. எல்லா ரெக்கார்டையும் ஏற்றி, எல்லா இருமலையும் தேடித் தேடி அறுத்தெடுத்தாள். நீக்கிய சத்தங்களைத் தனியாகப் போட்டுவைப்பது அவள் வழக்கம். அந்தக் கோப்புக்கு 'குப்பை' என்று பெயர் வைத்திருந்தாள்.

வேலை முடிந்த அன்று கிட்டார்காரர் வந்து உட்கார்ந்தார். ஓபராவைப் போட்டுக் காட்டினாள். கண்ணை மூடிக் கேட்டார். அந்த இடம் வந்ததும் சற்று முன்னால் சாய்ந்தார். பாட்டு அதைத் தாண்டிப் போனது.

"இன்னொரு தடவை போடுங்கம்மா."

போட்டாள்.

"இங்க ஒரு இருமல் இருக்கணுமே?"

"எடுத்துட்டேன் சார்!" என்றாள் பெருமையாக. "எல்லாத்துலயும் இருந்துச்சு. ஒண்ணு விடாம எடுத்தாச்சு."

அவர் முகம் வெளிறிப்போனது.

"இதெல்லாம் ஒரே அரங்கத்துல, கச்சேரி நடக்கும்போதே பதிவு பண்ணினதும்மா. எங்க அக்கா அங்க வாசல்ல டிக்கெட் கிழிச்சா. பாட்டு முடியிற வரைக்கும் கதவை விட்டு நகரக் கூடாது. இருமல் வந்தாலும் தண்ணி குடிக்கப் போக முடியாது. பாட்டைக் கெடுத்தியேன்னு திட்டு வேற."

அவள் பாட்டை நிறுத்தினாள்.

"நான் கிட்டார் பழகுறப்போ அக்கம்பக்கம் சண்டைக்கு வந்தா அவதான் வாசல்ல நின்னு மல்லுக்கட்டுவா. இப்போ அவ இல்ல, போட்டோ நிறைய இருக்கு. குரல்னு இருந்தது இது மட்டும்தான். அதுவும் போட்டுப் போட்டுத் தேயுதேன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஒரு நிமிஷம் சார்" என்று தடுமாறியபடி குப்பையைத் திறந்தாள்.

ஸ்பீக்கரில் கரகரவென்று இரைச்சல். பாட்டு இல்லை, வாத்தியம் இல்லை. அப்புறம் இரண்டு சின்ன இருமல், ஒரு பெரியது. மறுபடியும். மறுபடியும். மூடிய அறைக்குள் ஒருத்தி வந்து நின்று இருமுவது போலவே இருந்தது. அவள் தன்னையறியாமல் நாற்காலியைச் சுவரோடு நகர்த்திக்கொண்டாள்.

அவர் பயப்படவில்லை. எழுந்து, டம்ளரை எடுத்து, ஸ்பீக்கருக்கு இன்னும் கிட்டத்தில் வைத்தார்.

"இப்போ யாரும் திட்ட மாட்டாங்க. தண்ணி குடி, அக்கா."