இந்த வாரக் குப்பை

"தலைவரே, போன வாரம் மொத்தமே ஒரு பை குப்பைதான் கிடைச்சுது. நாளைக்கு அதுவும் இல்லேன்னா நாம ஜெயிச்சாச்சு. சங்கத்தைக் கலைச்சிடலாம்!"

போனில் பல் டாக்டர் குதூகலித்தார். கால்வாய் காப்புச் சங்கத்தின் செயலாளர் அவர்தான். தலைவருக்கோ அது நல்ல செய்தியாகப் படவில்லை. குப்பையே கிடைக்காத ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வந்தால் சங்கத்தைக் கலைத்துவிட வேண்டும் என்று விதி எழுதியவரே அவர்தான். அன்றைக்குக் கால்வாய் நாறிக் கிடந்தது. இப்படியும் ஒரு நாள் வரும் என்று யார் கண்டது?

தொழிற்சாலையில் தரம் பார்க்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கம் போய்விட்டால் 'தலைவரே' என்று கூப்பிட இந்த உலகத்தில் நாதி கிடையாது. அதனால்தான் கொஞ்ச நாளாகச் சனிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டுக் குப்பையையே கொண்டுபோய்ப் பாலத்தடியில் போட்டுவிட்டு, மறுநாள் முதல் ஆளாக இறங்கி அதை எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி ஒரு வெகுளி. குப்பையை அழகாகக் கட்டிக் கையில் கொடுப்பாளே தவிர, ஏன் எதற்கு என்று கேட்டதே இல்லை.

இந்தச் சனிக்கிழமை பார்த்தா குளியலறையில் வழுக்கிக் கணுக்கால் வீங்க வேண்டும்? காலையிலிருந்து கூடத்துச் சாய்வு நாற்காலியை விட்டு அசைய முடியவில்லை. வாய் மட்டும் நன்றாக வேலை செய்தது.

"அடுப்பை இவ்வளவு பெருசாவா எரிய விடுவாங்க?"

"குறைச்சுட்டேங்க."

"துண்டு மடிக்கிற லட்சணமா இது? ஓரத்தோட ஓரம் சேர வேண்டாமா?"

"சேர்த்துட்டேங்க."

"துடைப்பத்தை அப்படிப் பிடிக்கக் கூடாது. இங்க கொண்டா, காட்டறேன்."

கொண்டுவந்து கொடுத்தாள். உட்கார்ந்தபடியே பெருக்கிக் காட்டினார்.

சாயங்காலம் காப்பி கொண்டுவந்தவளிடம் புலம்பினார். "நாளையோட சங்கம் முடிஞ்சுது. இனிமே எனக்குப் போக்கிடம் ஏது? காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் உன்கூடத்தான்."

அவள் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. "அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்றாள். கண்ணில் தண்ணீர். தன்மேல் இவளுக்கு இவ்வளவு பாசமா என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகத் தலைமாட்டில் போன் அலறியது.

"தலைவரே, ஓடி வாங்க! எவனோ பெரிய சாமானா தூக்கிப் போட்டிருக்கான். சேத்துல நல்லா புதைஞ்சு கிடக்கு!"

தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வலியாவது ஒன்றாவது! மனைவியைக் காணோம், பால் வாங்கப் போயிருப்பாள். குடையை ஊன்றிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்க்காமல் நொண்டி நொண்டி ஓடினார்.

பாலத்தில் கூட்டம் கூடியிருந்தது.

"மனுஷனா அவன்? இனிமே சங்கத்தைக் கலைக்கிற பேச்சே கூடாது!" என்று டாக்டர் கொதித்தார்.

"கூடவே கூடாது!" என்று தலைவரும் சேர்ந்து கொதித்தபடி கீழே எட்டிப் பார்த்தார்.

நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு சேற்றில் கிடந்தது, அவருடைய சாய்வு நாற்காலி.

முழங்கால்வரை சேறோடு பக்கத்தில் வந்து நின்ற மனைவி, அவர் காதோரம் கிசுகிசுத்தாள்: "கவலைப்படாதீங்க, அடுத்த வாரத்துக்கு உங்க கட்டில் இருக்கு."