காசுப்பெட்டிக்குக் காவல்

கோல்ட்ரன் ஊர்ப் பெருமக்கள் அனைவரும் அறிக: சட்டம் இன்று காலை முதல் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறது. சட்டம் என்றால் போலீஸ் தலைவர் டுவைட் கிளிங்கர். ஊரின் மொத்த போலீஸும் அவர்தான்.

அவர் காத்தது ஒரு பழைய ஸ்லாட் மெஷினை; காசு போட்டுக் கைப்பிடியை இழுத்து ஆடும் சூதாட்டப் பெட்டி. காலமான உறுப்பினர் ஒருவர் தீயணைப்புத் தொண்டர்களுக்கு விட்டுப்போனது. அது ஏலம் போனால்தான் புது பம்பு.

“நம்ம பென்சில்வேனியாவில இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல பழசுன்னா வெச்சுக்கலாம்,” என்றார் பாதிரியார் தொனியில். “ஆனா காசு வெச்சு ஆடினது தெரிஞ்சுதோ, பறிமுதல்தான். சுத்தியலால உடைச்சிருவேன். மத்தியானம் எல்லார் முன்னாலயும் காசுப்பெட்டியத் திறந்து உள்ள காசு இருக்கான்னு பாக்கறோம். அதுவரைக்கும் என்னைத் தவிர ஒரு ஈ கிட்ட வரக்கூடாது.”

பெட்டிச் சாவியை வைத்திருந்த பொருளாளர் ஸ்டான் வாஸ்கோ அதைச் சட்டைப்பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். வெள்ளிக்கிழமைப் பயிற்சி முடிந்து எல்லோரும் போனபின் அந்தக் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்தவர் அவர்தான்.

சமையலறையிலிருந்து டோலோரஸ் பைரோகிக் கொழுக்கட்டைத் தட்டோடு வந்தாள்.

“டோலி, இந்த நோட்டுக்கும் கால் டாலரா சில்லறை குடும்மா. பார்க்கிங் மீட்டருக்கு.”

“மறுபடியுமா சீஃப்? போலீஸ் வண்டிக்கே மீட்டர் காசு! யோவ் ஸ்டான், மனுஷனைப் பாத்துக் கத்துக்கய்யா.”

ஸ்டான் கையில் எடுத்த பைரோகியைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

மதியம் கூட்டம் கூடியது. கிளிங்கர் எழுந்து தொப்பியைச் சரிசெய்தார்.

“திறக்கவே வேண்டாம். ஸ்டான் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை.”

அந்த வார்த்தைதான் ஸ்டானைக் குத்திக் கிழித்தது.

“நம்பாதீங்க சீஃப்! ஆடினது நான்தான். காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி எல்லாக் காசையும் வழிச்சு எடுத்துட்டேன். நீங்களே பாருங்க!”

சாவியைத் திருகிக் காசுப்பெட்டிக் கதவை இழுத்தார். கால் டாலர் காசுகள் மடமடவென்று கொட்டித் தரையெங்கும் உருண்டன.

ஸ்டான் வாயைப் பிளந்தார். கூட்டம் காசுகளைப் பார்த்தது. பிறகு மெதுவாக, மடக்கு நாற்காலியைப் பார்த்தது.

கிளிங்கர் குனிந்து பெட்டிக்குள் டார்ச் அடித்து, நிதானமாகப் பரிசோதித்தார்.

“காலியாத்தான் இருக்கு. ஏலத்த ஆரம்பிங்க.”