ஆ தேக்கின் இரண்டு முகங்கள்

சீன நண்பன் ஆ தேக்கின் சவப்பெட்டி முன்னால், இரவெல்லாம் கண்விழித்து நாங்கள் தின்ற வேர்க்கடலைத் தொலி பினாங்கு மலை உயரத்துக்குக் குவிந்துகிடக்கிறது. பூவளையத்தின் நடுவே அவன் படம் வைக்கும் இடம் மட்டும் காலி. ஊதுபத்திப் புகையில் கண்ணெரிய, அவன் மகன் பூன் ஹாக் கைப்பேசியில் அப்பாவின் இரண்டு முகங்களின் காதையும் பல்லையும் பெரிதாக்கிப் பார்க்கிறான். ஒன்று நிஜம், மற்றது ஏஐ செய்தது. எது எதுவென்று அவனுக்கே குழம்பிவிட்டது. “சிரிக்கிறதுதான்டா பொய்,” என்று எரிந்துவிழுகிறாள் அவன் தாய் காய்க் சூ. “இத்தனை வருஷத்துல என்னைப் பாத்து ஒருநாள் இப்படிச் சிரிச்சதில்ல.” “அண்ணி, அதுதான் நிஜம். சீட்டுல என்னைத் தோக்கடிச்சப்ப நானே எடுத்தேன்,” என்கிறேன். அவள் என்னை முறைத்துவிட்டு மகனிடம் திரும்புகிறாள். “அப்ப அதையே வைடா. இனிமேலாவது என்னைப் பாத்துச் சிரிக்கட்டும்.”