பொன்னாடை போர்த்திய கப்டன்

எங்கள் சங்கத் தலைவர் சிவபாதம் அண்ணையின் கையில் பொன்னாடை இருந்தால், எதிரில் ஒரு தோள் வேண்டும். அன்று மல்வேர்ன் பூங்காவில் வேறு ஆள் கிடைக்காமல், அங்கே நின்ற வெண்கலக் கப்டன் சிலைக்கே போர்த்திவிட்டார். பீடத்துப் பலகையையும் உரக்க வாசித்தார்: தென்னாபிரிக்கப் போரில் குண்டுமழைக்குள் குதிரையில் திரும்பத் திரும்பப் போய், விழுந்து கிடந்த மூன்று பேரைத் தூக்கி வந்தவர். பிறகு நாற்பது நிமிடம் தன் வீரத்தைப் பற்றிப் பேசினார். வீடியோ என்னிடம் இருக்கிறது.

மறுநாள் பனிப்புயல். வேலை முடிந்து வந்த அவர் மனைவி கமலாம்பிகை அக்கா, ஆளில்லாத பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்து கால் முறிந்து கிடந்தா. ஆஸ்பத்திரி வாசலில்தான் அவவைக் கண்டெடுத்தார்கள். உடம்பைச் சுற்றி அதே பொன்னாடை.

“ஆரோ வெள்ளைக்காரன் குதிரையிலை ஏத்தினவன்,” என்றா அக்கா.

“மயக்கத்திலை உளறாதையும்.”

“உங்கடை பேச்சை விடவோ?”

நேற்று அண்ணையும் நானும் பூங்காவுக்குப் போனோம். கப்டனின் தோள் வெறுமையாக இருந்தது. அண்ணை பலகையிலிருந்த பனியைத் தட்டி வாசித்தார். இப்போது நான்கு பேர். அந்தச் சொல்லும் மற்றவற்றைப் போலவே பச்சை பிடித்துத் தேய்ந்திருந்தது.

அண்ணை தொப்பியைக் கழற்றினார்.