அம்மாவின் கைப்பக்குவம்

பசலைக்கீரையும் காலிஃப்ளவரும் முந்திரி விழுதில் குழைந்து கொதித்த, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் டிப்பை, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு சமையல்காரம்மாள் மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

மேலதிகாரி ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிட்டார். "பால், சீஸ் எதுவுமே இல்லையா? நம்பவே முடியலையே!"

"சின்ன வயசுல எனக்குப் பால் ஒத்துக்காது சார். அதுக்காக எங்கம்மா கண்டுபிடிச்சது" என்றான், விருந்து கொடுத்த புது மேனேஜர்.

"அவங்களைக் கூப்பிடுங்க, நேர்லயே பாராட்டிடுறேன்."

"அவங்க தவறி மூணு வருஷம் ஆச்சு சார்."

விருந்துக்கு வந்த எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். சமையல்காரம்மாளும் தலைகுனிந்து நின்றாள்.

பிறகு அவன் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"நல்லவேளை, நீ வாயைத் திறக்கல. யாராவது கேட்டா, சம்பளத்துக்கு வந்தவள்னே சொல்லு. புரிஞ்சுதா?"

"சரிங்க சார்" என்றாள், அவனைப் பெற்றவள்.