இரண்டாம் பூச்சு

"நாக்கை நீட்டுங்க, ரங்கெல்" என்றார் டாக்டர் வெல்செவா.

ரங்கெல் நீட்டினான். நாக்கு நேராக வராமல் இடப்பக்கம் சாய்ந்தது. இடது கண்ணிமையும் பாதி தொங்கியிருந்தது. டாக்டர், கட்டிலருகே நின்ற அவன் மனைவி தோன்காவிடம் திரும்பினார்.

"கழுத்துல, மூளைக்குப் போற ரத்தக்குழாயோட உள்சுவர் கிழிஞ்சிருக்கு. குழாய் வீங்கி, பக்கத்து நரம்புகளை அழுத்துது. அதான் பேச்சும் வரல, விழுங்கவும் முடியல. ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுக்கிறோம். நரம்பு மெதுவாத்தான் தேறும். பொறுமை வேணும், தோன்கா."

"அது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு, டாக்டர்."

பதினெட்டு வருடமாக ரங்கெலுக்கு ஜெர்மனியில் ஓடு பதிக்கும் வேலை. வருடத்தில் மூன்று வாரம்தான் பல்கேரியாவுக்கு, ப்ளோவ்திவ் நகரத்து வீட்டுக்கு வருவான். நடை, சாப்பாடு, பழக்கம் எல்லாம் ஜெர்மன்காரன் போலவே ஆகிவிட்டது. இந்த முறை வந்ததும் வராததுமாக, நாள் முழுக்க அண்ணாந்து நின்று அடுப்படிக் கூரைக்கு வெள்ளையடித்தான். ஒரு பூச்சு முடிவதற்குள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நர்ஸ் வந்தாள். "வலிக்குதா, மாமா?"

ரங்கெல் தலையை மெல்லப் பக்கவாட்டில் ஆட்டினான். பல்கேரியாவில் பிறந்த எவருக்கும் அது 'ஆமாம்'தான். அவள் ஊசியைப் போட்டாள். அவன் முறைத்தான்.

"நீதானே வலிக்குதுன்ன? அந்தப் பொண்ணை ஏன் முறைக்கிற?" என்றாள் தோன்கா.

அன்று மாலை, தயிரைக் கெட்டியாகக் கலக்கி ஊட்டிக்கொண்டே, வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"உடம்பு தேறினதும் திரும்ப அங்கயே போயிடுவியா?"

அதே பக்கவாட்டு ஆட்டல். ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

"சரி" என்றாள். அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை.

ஒன்பது நாள் ஊட்டினாள், வாய் துடைத்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. போகப்போகிறவனுக்குக் கூரை எதற்கு என்றே மனம் சுற்றிச் சுற்றி வந்தது.

பத்தாம் நாள் அவன் பெட்டியைக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தாள்.

"உன் துணியெல்லாம் இதுல இருக்கு. டாக்டர் விட்டதும் இங்கிருந்தே ஜெர்மனி பஸ் ஏறிக்கோ. மிச்சக் கூரையை நானே அடிச்சுக்கிறேன்."

அவன் ஒன்றும் புரியாமல் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அதற்குள் நர்ஸ் ஊசியோடு வந்து நின்றாள்.

"இன்னும் வலிக்குதா, மாமா?"

ரங்கெல் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினான். கூடவே, பத்து நாளில் முதல்முறையாக, அவன் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சொல் வந்தது.

"இல்ல."